சுமங்கலித் திட்டம்
திண்டுக்கல் மாவட்டத்திலும் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களிலும் நூற்பாலைகள் பல இளம்பெண்களை வேலைக்குச் சேர்த்த முறை. மூன்றாண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று தரகர் வீடு தேடி வந்து பெற்றோரிடம் சொல்வார். அந்தத் தொகை பெண்ணின் சொந்தக் கூலியில் பிடித்ததே. இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. இது பெருங்கொடுமை. பூட்டிய விடுதி, வார்டன் பக்கத்தில் நிற்கப் பேச வேண்டிய தொலைபேசி, கைக்கு வராத சம்பளம் ஆகியவை ஆள்கடத்தலின் அடையாளங்கள். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஏமாற்றி ஆள்சேர்த்துச் சுரண்டுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு தண்டிக்கிறது. இப்போது தரகரின் ஆசைவார்த்தை கைப்பேசியிலும் வருகிறது. அப்படிப் பேசியவர் அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால் 1930, சிறுவர் சிறுமியருக்கு 1098 என்ற எண்களில் உதவி கிடைக்கும்.