சிலேட்டில் மிச்சமான காகிதம்

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டுத் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார் அந்த இளைஞர். சிலேட்டு நிறைந்துவிட்டால் துணி தேட மாட்டார். முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அழித்து அழித்து முழங்கை கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. முடிவு மனதுக்குச் சரியென்று பட்டால் மட்டுமே அது நோட்டுப்புத்தகத்தில் ஏறும்.

சீனிவாச ராமானுஜன் காகிதத்தை அப்படித்தான் மிச்சம் பிடித்தார். தம் கணக்குகளுக்கு மாதம் 4 ரீம் காகிதம் வேண்டியிருக்கும் என்று நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். சோற்றுக்கே திண்டாடுகிறவர் அதை எங்கே போய் வாங்குவார்? எழுதி முடித்த தாளின் மேலேயே சிவப்பு மையால் இன்னொரு முறை எழுதினார்.

அன்று பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்குத் தமிழில் ‘சம்பளம்’ என்றே பெயர். ‘பிள்ளைக்குச் சம்பளம் கட்டணும்’ என்பார்கள். அப்பா வாங்குவதும் சம்பளம், பிள்ளை கட்டுவதும் சம்பளம். ராமானுஜனின் தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர்; மாதம் 20 ரூபாய் வாங்கினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஒரு பருவத்துக்குக் கட்ட வேண்டியது 32 ரூபாய். 1904இல் ராமானுஜன் அங்கே சேர்ந்தபோது உதவித்தொகை கிடைத்ததால் குடும்பம் மூச்சுவிட்டது. ஆனால் கணக்கைத் தவிர வேறொன்றிலும் அவர் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை.

அவர் வீட்டின் வரவு செலவே மாணவர்களோடு பின்னிக் கிடந்தது. அரசுக் கல்லூரியில் படிக்கத் திருநெல்வேலி, திருச்சி பக்கங்களிலிருந்து வந்த பிள்ளைகளைத் தாயார் கோமளத்தம்மாள் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். தலைக்கு மாதம் சுமார் 10 ரூபாய் வந்தது. ‘தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்’ என்று பெயரெடுத்த கல்லூரி இருந்த ஊரில் குடும்பத்துக்கு அது ஒரு வருமானம். ஊர் விட்டு வந்த பிள்ளைக்கோ கட்டுப்படியாகும் செலவில் வீட்டுச் சாப்பாடு. ராமானுஜனின் வாழ்க்கையைத் திருப்பிய, கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்புகூட அந்தக் கல்லூரி நூலகத்திலிருந்து இரவலாகத்தான் அவர் கைக்கு வந்தது. ஏறக்குறைய 5,000 தேற்றங்கள் கொண்ட நூல், நிரூபணங்கள் மிகச் சுருக்கம். அந்தப் பாணியும் சிலேட்டு வழக்கமும் சேர்ந்துதான், வழி காட்டாமல் விடையை மட்டும் சொல்லும் அவருடைய நோட்டுப்புத்தகங்கள் உருவாயின. அழிந்துபோன வழிகளைக் கண்டுபிடிக்கப் பின்னால் வந்த கணித அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள்.

10 ரூபாயும் இல்லாத பிள்ளைகளுக்கு ‘வாரச் சாப்பாடு’ இருந்தது. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு நாளுக்கு ஏழு வீடு. எந்தக் கிழமை எந்த வாசல் என்பதைப் பாடத்தைப் போல மனப்பாடம் செய்துகொண்டு, குளித்துவிட்டு நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஒரு வீட்டில் தீட்டோ திவசமோ வந்தால் அன்றைக்கு வயிற்றில் ஈரத்துணிதான்.

இந்த ஏற்பாட்டால் கரையேறியவர்கள் பலர். ஆனால் அந்த வாசல்கள் பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகளுக்கே திறந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். மற்ற சாதிப் பிள்ளை கையில் காசு வைத்திருந்தாலும் சென்னையில் தங்க அறையும் சாப்பிட இடமும் கிடைப்பது பெரும்பாடு. அதைக் கண்ணால் கண்ட டாக்டர் சி. நடேசனார் 1910களின் நடுவில் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். மாணவரின் செலவில் பெரும்பங்கு சோறும் கூரையும்தான். அதைக் குறைத்தால் படிப்பு நிலைக்கும் என்று அறிந்து செய்த வேலைகள் இவை.

அடுத்த செலவு புத்தகம். அதற்குச் சென்னை மாணவர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1900இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகளில், முந்தைய ஆண்டு மாணவர் பென்சிலால் கோடிட்ட பாடநூலைப் பேரம் பேசி வாங்கலாம். தேர்வு முடிந்ததும் அதையே திருப்பி விற்று அடுத்த ஆண்டுப் புத்தகத்துக்குப் பணம் சேர்க்கலாம். ஒரே பிரதி எத்தனையோ கைகளுக்கு ஆசிரியராக இருந்திருக்கும். 1985 மே 30 அன்று பிடித்த தீயில் அந்தச் சந்தை எரிந்து போயிற்று.

ராமானுஜனுக்குக் காலம் மெல்லத் திரும்பியது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். பட்டம் இல்லாத அவருக்கு மறு ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தபோது, உடல் நலிந்திருந்த அவர் 1919 ஜனவரி 11 அன்று பதிவாளர் டியூஸ்பரிக்குப் பதில் எழுதினார்.

ஊர் திரும்பிய பிறகு இவ்வளவு பணம் தமக்குத் தேவைப்படாது என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போகட்டும். தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எந்தெந்த வகையில் என்றும் குறிப்பிட்டார்: ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பது, பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் வாங்கித் தருவது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னையில் அவர் காலமானார். கடைசி மாதங்களிலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். அப்போது காகிதத்துக்குக் குறைவில்லை.