கூரையிழந்த வீடுகளும் கோடை இல்லங்களும்

நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தவர் நம் முன்னோர். வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஓர் ஐயம் தோன்றுவதைக் கண்டிருக்கிறேன். கடற்கரை என்றால் அவர்களுக்கு விடுமுறை. மணல்வீடும் பட்டமும் பனிக்கூழும் அவர்கள் அறிந்த நெய்தல். அங்கே இரங்குவதற்கு என்ன உண்டு? திரும்பி வாராத தோணியைக் காட்டியே இவ்வினாவுக்கு இதுவரை விடை கூறி வந்தேன். துருக்கி நாட்டின் தென்மேற்குக் கரையில் ஒரு வாரம் தங்கித் திரும்பிய பிறகு, கூறுவதற்கு இன்னும் ஒன்று கிடைத்தது.

என் தம்பி இலண்டனில் பணிபுரிபவன். பள்ளி விடுமுறையில் எங்கள் இரு குடும்பங்களும் ஓரிடத்தில் கூடி இருக்கவேண்டும் என விரும்பி, பெத்தியே நகருக்கு அண்மையில் ஒரு தனி இல்லத்தை வாடகைக்கு எடுத்திருந்தான். 'வில்லா' என்று இன்று உலகெங்கும் வழங்குகிறார்களே, அத்தகைய வீடு. நான்கு படுக்கையறைகள், சமையற்கூடம், முற்றத்தில் நீச்சற்குளம், அதனைச் சூழ அரளிச் செடிகள். என் துணைவியார் முதல் நாளே சந்தையில் கத்தரிக்காயும் தயிரும் வாங்கிவந்து சமையலைத் தொடங்கிவிட்டார். பிள்ளைகளோ ஒலுதெனிஸ் கடற்கரையை விட்டு வர மறுத்தனர். அப்பெயருக்குச் 'செத்த கடல்' என்பது பொருள். பாலத்தீனத்து உப்பேரியுடன் இதற்குத் தொடர்பில்லை. புயற்காலத்திலும் அலையெழாத கழி என்பதால் வந்த பெயர். பின்புறம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாபாதாக் மலையிலிருந்து குடைப்பாய்களில் மனிதர் பறந்து இறங்குகின்றனர். அழகுக்குக் குறைவில்லை.

எங்கள் வீட்டின் மேல்மாடத்திலிருந்து பார்த்தால் எதிரே ஒரு குன்று தெரியும். முதல் மாலையில் அதனைப் பாறைக் குவியல் என்றே எண்ணினேன். மறுநாள் காலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் அவை அத்தனையும் வீடுகள் என்பது விளங்கிற்று. நூற்றுக்கணக்கான கல்வீடுகள், ஒன்றன்மேலும் கூரையில்லை.

அக்குன்றுக்குச் செல்லுமுன் இக்கரையின் பழமையைச் சிறிது அறிதல் வேண்டும். பண்டைக் காலத்தில் இது லிசியா எனப்பட்ட நாடு. பெத்தியே அப்போது தெல்மெசோஸ். ஊருக்குமேல் செங்குத்துப் பாறையில் கோயில் முகப்பைப்போல் குடையப்பட்ட கல்லறைகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டினவாய் இன்றும் நிற்கின்றன. இடைக்காலத்தில் அவ்வூர் மாக்ரி ஆயிற்று. 1914இல் இஸ்தான்புல்லிலிருந்து கெய்ரோவுக்குப் பறக்க முயன்று வழியில் வீழ்ந்து மாண்ட பெத்தி பே என்னும் விமானியின் நினைவாக 1934இல் பெத்தியே என மாற்றப்பட்டது. பதாராவின் நெடிய மணற்கரையையும், அங்கே கூடிய லிசிய நகரங்களின் கூட்டமைப்பையும் பற்றி எழுதப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகும். அதனை வேறொருவருக்கு விட்டுவிடுகிறேன்.

ஆனால் சாந்தோஸ் நகரைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. கி.மு. 540ஐ ஒட்டிப் பாரசீகப் படைத்தலைவன் அர்ப்பகஸ் அந்நகரை முற்றுகையிட்டான். தோல்வி உறுதியானதும் சாந்தோஸ் மக்கள் தம் மனைவி மக்களையும் உடைமைகளையும் கோட்டைக்குள் வைத்துத் தீயிட்டுவிட்டு வெளியே வந்து போரிட்டு மாண்டனர் என ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தொடர்ந்து அவர் தரும் செய்திதான் என்னைச் சிந்திக்க வைத்தது. அந்நாளில் ஊரில் இல்லாத எண்பது குடும்பங்கள் மட்டும் தப்பினவாம். அவர்கள் ஏன் ஊரில் இல்லை என்பதற்கு அவர் காரணம் கூறவில்லை. கோடை காரணமாக மலைமேல் இருந்திருப்பர் என்று இக்கால அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

அவ்வாறு கருதுவதற்கு நல்ல காரணம் உண்டு. இக்கரையில் கோடையின் வழி நெடுங்காலமாகக் கடலிலிருந்து மலைக்குச் செல்வதாகவே இருந்தது. வெப்பம் மிகும்போது ஆடுமாடுகளையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு குடும்பங்கள் 'யாய்லா' எனப்படும் மலைமேய்ச்சல் நிலங்களுக்கு ஏறிவிடும். குளிர் வந்தபின் இறங்கும். கீழே சமவெளியில் சதுப்பும் கொசுவும் மலேரியாக் காய்ச்சலும் மிகுதி. உப்புக்காற்றடிக்கும் மணல்நிலம் உழவுக்கு உதவாது. ஆதலால் விளைநிலத்தை ஆண்மக்களுக்கும் கடலோர நிலத்தைப் பெண்மக்களுக்கும் பிரித்துக்கொடுத்தனர் என்றும், சுற்றுலா வந்தபின் பெண்மக்களே செல்வராயினர் என்றும் இக்கரையில் ஒரு கதை சொல்லப்படுகிறது. எந்த அளவு உண்மையோ, கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. எவ்வாறாயினும், கோடையில் கடலை நோக்கி ஓடிவரும் வழக்கம் அங்கே மிக அண்மைக் காலத்தது.

இனி அக்குன்று. துருக்கியர் அதனைக் காயாக்கோய் என்பர். பாறையூர் என்று பொருள். அங்கே வாழ்ந்த கிரேக்கர் அதனை லெவிசி என்றனர். சரிவில் அடுக்கடுக்காக எழுந்த வீடுகளில் ஒன்று மற்றொன்றின் ஒளியையும் காட்சியையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் மழைநீரைச் சேர்க்கும் தொட்டி உண்டு. அடுப்பங்கரையின் புகைக்கரி சில சுவர்களில் இன்னும் கறுத்திருக்கிறது. தேவாலய முற்றத்தில் கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களைப் பதித்து இட்ட கோலம், நம் வீட்டு வாசலை நினைவூட்டியது. என் துணைவியார் அதனை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்தார்.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். சங்க நூல்கள் கூறும் யவனரை நாம் அறிவோம். அச்சொல்லின் வேர் அயோனியா. அஃதாவது இன்றைய துருக்கியின் மேற்குக் கரை. யுனானி மருத்துவம் என்னும் பெயரும் அவ்வேரில் பிறந்ததே. துருக்கி மொழியில் கிரேக்க நாட்டினரை 'யுனான்' என்பர். ஆனால் துருக்கி மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிரேக்கக் கிறித்தவரை 'ரூம்' என்பர். உரோமப் பேரரசின் குடிகள் என்பது அதன் பழம்பொருள். அண்டை வீட்டாருக்கு ஒரு பெயர், அயல்நாட்டாருக்கு ஒரு பெயர். லெவிசியின் மக்கள் அண்டை வீட்டாராகவே நெடுங்காலம் இருந்தனர். கீழே சமவெளியில் துருக்கியர் உழுதனர்; மேலே குன்றில் ரூம் மக்கள் கைத்தொழிலும் வாணிகமும் செய்தனர்.

1914இல் தொடங்கிய முதல் உலகப்போரின்போது கரையோரக் கிரேக்கர் பலர் உள்நாட்டிற்கு நாடுகடத்தப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். 1919இல் கிரேக்கப் படை ஸ்மிர்னாத் துறைமுகத்தில் இறங்கியது. அனத்தோலியாவின் உள்நாடு வரை முன்னேறிற்று. 1922 செப்டம்பரில் துருக்கியப் படை அந்நகரை மீட்டபோது நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. இருபக்கமும் ஊர்கள் எரிந்தன. இருபக்கமும் பொதுமக்களே பெரிதும் மாண்டனர். அதன் முடிவாக 1923 சனவரி 30ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. துருக்கியிலுள்ள கிரேக்க மரபுவழிக் கிறித்தவரும் கிரேக்கத்திலுள்ள முசுலிம்களும் கட்டாயமாக இடம் மாற்றப்பட வேண்டும். இஸ்தான்புல் கிரேக்கரும் மேற்குத் திரேசு முசுலிம்களும் மட்டும் விலக்குப் பெற்றனர். முன்னரே ஓடிப்போனவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர் மேற்கே சென்றனர். 4 இலட்சத்தை ஒட்டிய முசுலிம்கள் கிழக்கே வந்தனர்.

மொழியாசிரியனாகிய என்னை உறுத்துவது இதில் ஒன்றுண்டு. இம்மாற்றத்திற்கு அளவுகோலாக அமைந்தது சமயமே, மொழியன்று. அனத்தோலியாவின் உட்பகுதியில் வாழ்ந்த கராமான்லி கிறித்தவர்க்குத் துருக்கியே தாய்மொழி. அதனைக் கிரேக்க எழுத்தில் எழுதிவந்தனர். அவர்களை ஏதென்சுக்கு அனுப்பி, 'இதோ உங்கள் தாயகம்' என்றனர். கிரீட் தீவின் முசுலிம்களுள் பலர் கிரேக்கம் மட்டுமே அறிந்தவர். அவர்களைத் துருக்கிக் கரையில் இறக்கி அதையே கூறினர். தாயகத்தில் இறங்கிக் குடிக்கத் தண்ணீர் கேட்கச் சொல்லின்றி நின்றோரை எண்ணிப் பாருங்கள். உடன்படிக்கையைக் குறை கூறுவது நூறாண்டு கழித்து எளிது. மேலும் கொலைகள் நிகழாதிருக்க இதுவே வழி என அன்று பலர் நம்பினர் என்பதையும் மறைக்கலாகாது. எனினும் எவரும் அம்மக்களிடம் விருப்பம் கேட்கவில்லை.

அசையும் பொருளை எடுத்துச்செல்ல இசைவு தரப்பட்டது. வீட்டை எடுத்துச்செல்வது எவ்வாறு? விட்டுவந்த வீட்டையும் நிலத்தையும் மதிப்பிட்டு ஈடு தருவதற்கென ஒரு கலப்பு ஆணையம் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. இறுதியில் 1930இல் இரு அரசுகளும் அங்காராவில் கூடித் தத்தம் கணக்குகளை ஒன்றோடொன்று நேர்செய்து முடித்துக்கொண்டன. உரியவர் அரசின் அனுமதியின்றித் திரும்பிவந்து வாழலாகாது என்பதும் உடன்படிக்கையின் முதல் விதியிலேயே உண்டு.

லெவிசி வெறுமையாயிற்று. கிரேக்கத்திலிருந்து வந்த முசுலிம்கள் அங்கே குடியமர்த்தப்பட்டும் தங்கவில்லை என்பர்; சமவெளியில் உழுது பழகியவருக்குக் குன்றின் கல்வீடு எதற்கு? கூரை மரங்களும் கதவுகளும் சன்னல்களும் காலப்போக்கில் வேறு வீடுகளுக்குப் போயின. 1957 ஏப்பிரலில் பெத்தியே நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் எஞ்சிய சுவர்களையும் பிளந்தது.

விடுமுறைக் கரையாக இது மாறிய வரலாறும் ஒரு தண்டனையிலிருந்தே தொடங்குகிறது. 1925இல் செவாத் சாக்கிர் என்னும் எழுத்தாளர், தாம் எழுதிய ஒரு கட்டுரைக்காக, வடமேற்கே உள்ள போட்ரும் என்னும் ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். அந்நாளில் அது பாதை வசதியற்ற ஊர். கடற்பஞ்சு எடுக்கும் மூழ்காளர் வாழ்ந்த இடம். தண்டிக்க அனுப்பிய ஊரை அவர் காதலித்துவிட்டார். தண்டனைக் காலம் முடிந்தும் அங்கேயே திரும்பிவந்து வாழ்ந்து, 'ஆலிக்கர்னாஸ் மீனவன்' என்னும் புனைபெயரில் கடலோர மக்களைப் பற்றிக் கதைகள் எழுதினார். 1940களில் அவரும் நண்பர்களும் மரப்படகில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஏற்றிக்கொண்டு இக்கரையோரம் சென்ற உலாவே 'நீலப் பயணம்' எனப் பெயர் பெற்றது. பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. 1981இல் தலமான் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1982இல் சுற்றுலா ஊக்குவிப்புச் சட்டம் வந்தது. விடுதிகள் எழுந்தன, அவற்றைத் தொடர்ந்து தனி இல்லங்கள் எழுந்தன. அவற்றின் எண்ணிக்கை பெருகவே, 2024 முதல் இத்தகைய இல்லங்களை வாடகைக்கு விடுவோர் அரசின் அனுமதியும் அதற்குரிய பலகையும் பெறவேண்டும் என விதித்துள்ளனர். எழுத்தாளர் 1973இல் காலமானார், இவற்றைக் காணவில்லை.

2014இல் துருக்கி அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. காயாக்கோயின் மூன்றில் ஒரு பகுதியில் விடுதியும் சுற்றுலா வசதிகளும் அமைய, 49 ஆண்டுக் குத்தகைக்கு விடுவதே திட்டம். இதனைப் பற்றி என் தம்பிக்கும் எனக்கும் நீச்சற்குளத்தின் கரையில் நீண்ட வாக்குவாதம் நிகழ்ந்தது. "இடிந்து மண்ணாவதைவிடக் கூரை போட்டு மனிதர் தூங்குவது மேல், அண்ணா" என்றான் அவன். அதில் நியாயம் இல்லாமலில்லை. கல் எத்தனை மழையைத் தாங்கும்? ஆனால் திரும்பிவந்து வாழ உரியவனுக்கே தடை விதித்த வீட்டில், பணம் தரும் அயலான் ஒரு வாரம் தங்கலாம் என்பதை என் மனம் ஏற்கவில்லை. "அப்படியானால் நாம் தங்கியிருக்கும் வீடு?" என்று கேட்டான். இது புதிதாகக் கட்டிய வீடு என்றேன். நிலம் எவருடையது என்று அவன் கேட்கவில்லை. நானும் அதுபற்றிப் பேசவில்லை.

லெவிசியிலிருந்தும் மாக்ரியிலிருந்தும் சென்றவருள் ஒரு பகுதியினர் ஏதென்சுக்குக் கிழக்கே, மராத்தானுக்கு அருகில் கடலோரத்தில் குடியேறித் தம் புதிய ஊருக்கு நெயா மாக்ரி, அஃதாவது புதிய மாக்ரி, எனப் பெயரிட்டனர். அவர்கள் வழித்தோன்றல்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு இக்குன்றில் ஏறிப் பாட்டன் வீட்டைத் தேடுவதுண்டு. நெயா மாக்ரியிலும் இப்போது ஏதென்சு நகரத்துக் குடும்பங்களின் கோடை இல்லங்கள் நிறைந்திருக்கின்றன.