1840 என்று போட்டிருந்தால் அது 1840 இல்லை

விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கலாம். ராணி பட்டத்துக்கு வந்த முதல் முப்பத்தைந்து வருஷத்துக் காசாக இருந்தால் அதில் பெரும்பாலும் இரண்டே வருஷம்தான் கண்ணில் படும்: 1840, 1862. நடுவில் இருபது வருஷம் ரூபாயே அடிக்கலையா?

அடித்தார்கள், கோடிக்கணக்கில். வருஷத்தை மட்டும் மாற்றவில்லை.

1835 செப்டம்பரில்தான் கம்பெனி ஆட்சி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது. நான்காம் வில்லியம் தலையோடு 1835 என்று போட்ட காசை 1840 வரைக்கும் அடித்தார்கள். பிறகு விக்டோரியா தலையோடு 1840. கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்த பிறகும் அதே 1840 காசு தொடர்ந்தது. 1862இல் கிரீடம் வைத்த ராணி வந்தார். அந்த 1862 என்ற எண் 1874 வரை நின்றது. கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துக்கு மூன்றே எண்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், வெர்ஷன் நம்பரை மாற்றாமலே பில்ட் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் கம்பெனிக்குப் புதுசு இல்லை. வங்காளத்தில் சிக்கா ரூபாய்க்கு வயசானால் மதிப்புக் குறையும். புதுக் காசுக்கு முழு விலை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் ஆன காசுக்குச் சராப்புக்காரர் வட்டம் பிடிப்பார். வருஷத்தைப் பார்த்துத்தானே பிடிக்கிறாய் என்று, கம்பெனி ஷா ஆலம் பாதுஷாவின் 19ஆம் ஆட்சியாண்டையே எல்லா சிக்கா ரூபாயிலும் நிரந்தரமாகப் போட வைத்தது. பழசு எது புதுசு எது என்று தெரியாவிட்டால் வட்டமும் பிடிக்க முடியாது. நல்ல தந்திரம்தான். ஆனால் நூற்றைம்பது வருஷம் கழித்துக் காசைப் பார்க்கிறவனுக்கும் அதே கண்கட்டு வித்தை.

வருஷம் பேசாத இடத்தில் அச்சு பேசும். காசடிக்கும் எஃகு அச்சு கொஞ்ச நாளில் தேய்ந்து உடையும். புது அச்சு வெட்டுவார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று ஊரில் நாணயச்சாலை. (சென்னைச் சாலை 1869இல் மூடப்பட்டது, தங்கசாலைத் தெரு என்ற பேர் மட்டும் மிச்சம்.) ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு முறை வெட்டும்போதும், ஒரு பூவிதழ், ஒரு புள்ளி, ஒரு எழுத்தின் வால் மாறும். சேகரிப்பாளர்கள் டை வெரைட்டி என்பது இதைத்தான்.

இவற்றையெல்லாம் தேடித் தொகுத்தவர் பிரிட்மோர். அவருடைய காமன்வெல்த் நாணயத் தொகுப்பில் நாலாவது பாகம் இந்தியா. 1835க்குப் பிந்தைய ரூபாய்கள் 1980இல் வந்த அதன் இரண்டாம் புத்தகத்தில் இருக்கின்றன. பிறகு 2012இல் ஸ்டீவன்ஸ், வெயர் இருவரும் 1835 முதல் 1947 வரைக்கும் தனிக் கையேடு போட்டார்கள். கிரௌஸ் கேட்டலாக் பலரிடமும் இருக்கும். அது எண் கொடுக்க நல்லது, நுணுக்கத்துக்குப் போதாது.

கையேட்டைப் பின்னிருந்து படிக்கக் கூடாது. அதாவது, விலை அதிகமான வகையை முதலில் பார்த்துவிட்டுக் காசைக் கையில் எடுத்தால், அந்தப் புள்ளி கட்டாயம் தெரியும். மனசு அப்படி. முதலில் எடை போடுங்கள்: 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். அப்புறம் பார்த்ததை எழுதி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள்.

போன வருஷம் எனக்கு இப்படி ஏழு ரூபாய் பார்க்கக் கிடைத்தது, வளையமாதேவியில். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்து ஊர். நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்தால் செய்தியில் அடிபட்ட ஊர். உறவுமுறையில் மாமா ஒருவர், வீட்டைக் காலி செய்யச் சாமான் கட்டும்போது ஒரு தகர டப்பா கிடைத்தது என்று கூப்பிட்டார். மூன்று காசு 1840, இரண்டு 1862, ஒன்று 1882, ஒன்று 1901. நகைக்கடையில் வெள்ளி எடைக்கு விலை கேட்டு வைத்திருந்தார். ஆனால் அவருக்கு விலையை விட வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"தம்பி, எங்க பாட்டனுக்குப் பாட்டன் 1840ல இந்த ஊருக்குப் பொண்ணு கட்டி வந்தவரு. அப்ப சீர்ல வெச்ச காசு இது. பட்டாவெல்லாம் பின்னால வந்தது. இந்த ஊர்ல நாங்க எத்தினி வருசம்ன்னு காட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

1840 ரூபாயில் முதலில் பார்க்க வேண்டியது ராணியின் பேர். ஒரு வகையில் விக்டோரியா குயின் என்ற எழுத்து தலைக்கு மேலே தொடர்ந்து ஓடும். கிரௌஸில் எண் 457. அதுதான் முந்தியது. இன்னொன்றில் விக்டோரியா இடப்பக்கம், குயின் வலப்பக்கம் என்று தலை நடுவில் பிரிக்கும், எண் 458. இது 1850ஐ ஒட்டி வந்தது. பிறகு பூப்பக்கம் திருப்பி, மாலையில் இருக்கும் குட்டிக் காய்களை எண்ண வேண்டும்: பிரிந்த எழுத்து வகையில் 28 இருக்கும், அல்லது 34, 35. ஆமாம், உட்கார்ந்து எண்ணத்தான் வேண்டும்.

மாமாவின் மூன்று காசும் பிரிந்த எழுத்து. ஒன்றுகூட 1840இல் அடித்தது இல்லை.

1862 காசு இரண்டிலும் வேறு வேலை. ராணியின் உடை முன்பட்டையில் எத்தனை கட்டம், பூப்பக்கத்தில் மேல்பூ பெரிசா சின்னதா என்று பார்த்து வகை பிரிக்கணும். பம்பாய்ச் சாலை வருஷத்தை மாற்றாமலே உள்கணக்குக்குப் புள்ளி வைத்தது: வருஷ எண்ணுக்குக் கீழே, சில அச்சுகளில் ஒன் என்ற எழுத்துக்கு மேலே. மாமாவின் ஒரு காசில் கீழே மேடு தட்டிய ஏதோ ஒன்று தெரிந்தது. இங்கே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக விழும். அதனால் புள்ளியும் அச்சின் விரிசலும் மேடாகத்தான் இருக்கும். கீறல், அடி, உளிக் குத்து எல்லாம் பள்ளம். அது காசுக்கு வெளியே வந்தபின் பட்ட காயம். மேடாக இருந்தாலும் அழுக்கா, பொடி வைத்து ஊதிய பற்றாசா என்று சாய்வெளிச்சத்தில் பார்க்கணும். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். இது உருண்டையாக, அடிப்பரப்போடு சேர்ந்து ஒரே நிறத்தில் இருந்தது. புள்ளிதான். இன்னொரு 1862இல் சங்கிலி கோக்க வளையம் பற்றவைத்திருந்தார்கள். பற்றாசு வழிந்து ஒரு பக்கத்தை மூடிவிட்டது.

அச்சு மாறியதில் எல்லோருக்கும் தெரிந்த கதை 1911இன் பன்றி ரூபாய். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று புகார் கிளம்ப, அடித்த 94 லட்சத்தில் சுமார் 7 லட்சம் போக மிச்சத்தை உருக்கினார்கள். 1912இல் யானைக்குத் தும்பிக்கை ஒழுங்காக வந்தது. அங்கே மாற்றத்தை அரசாங்கமே ஒப்புக்கொண்டது. நம் 1840, 1862 காசுகளில் சத்தமே இல்லாமல் நடந்தது.

மாமாவிடம் சொன்னேன். இந்தக் காசு 1850 வாக்கில் அல்லது அதற்கும் பின்னால் அடித்தது. டப்பாவில் கடைசிக் காசு 1901, ஆக அதற்கு முன்னால் டப்பாவை மூடியிருக்க முடியாது. நடுவில் எப்போது, யார் கையால் வந்தது என்று காசு சொல்லாது.

"அப்ப எங்க பாட்டன் 1840ல வரலைன்றியா?"

"அவர் எப்ப வேணா வந்திருக்கலாம் மாமா. இந்தக் காசு அதுக்குச் சாட்சி இல்ல. அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பத்து வருசந்தானே கொறையுது" என்றார்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தின் 1840 ஒரு காசிலிருந்து பிறந்த கதையா, கதைக்குப் பிறகு காசு சாட்சியாக வந்ததா? முதலாவதுதான் என்பது என் ஊகம். எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் காசைப் பார்த்து எண்ணை வாசித்திருப்பார். அது தாத்தாவுக்குக் கல்யாண வருஷம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் 1840இலும் 1862இலும் கல்யாணம் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

ஏழு காசையும் இரண்டு பக்கமும் சாய்வெளிச்சத்தில் படம் எடுத்து, எடை, எழுத்து வகை, காய் எண்ணிக்கை, புள்ளி, எல்லாம் ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் போட்டு அவருடைய மகனிடம் கொடுத்தேன். நகைக்கடைக்கு 1882ம் 1901ம் போயின. மிச்சம் ஐந்து இப்போது மூன்று வீட்டில் இருக்கின்றன. வளையம் வைத்த காசை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.