உவர்நீரும் நன்னீரும்: குடாநாட்டுப் பாலங்களின் கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆயினும் பாலங்களுக்குக் குறைவில்லை. வல்லை வெளியிலே ஒரு பாலம், தொண்டைமானாற்றிலே ஒரு பாலம், நாவற்குழியிலே ஒரு பாலம், பண்ணையிலும் பொன்னாலையிலும் தாம்போதிகள், தெற்கே ஆனையிறவு, அதற்கு மேற்கே சங்குப்பிட்டி. ஆறற்ற நாட்டிலே இத்தனை பாலங்கள் எதற்கு என்று வெளியூரார் வினவக்கூடும். விடை எளிது. இந்நாட்டிலே கடல் கரையோடு நின்றுவிடவில்லை. நீரேரிகளாக நிலத்தின் நடுவே புகுந்து கிடக்கின்றது. நம்முடைய பாதைகள் ஆற்றைக் கடப்பதில்லை. கடலின் கைகளையே கடக்கின்றன.

ஆகவே, பிற நாடுகளிலே பாலம் என்பது இரு கரைகளை இணைப்பது; குடாநாட்டிலோ அது இரு நீர்களின் எல்லையிலே நிற்பது. ஒரு புறம் உவர்நீர், மறு புறம் மழை தந்த நன்னீர். பாலத்தின் கண்களை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்ற கேள்வி இங்கே வெறும் கட்டிடக் கேள்வியன்று. அது கிணற்றின் கேள்வி, தோட்டத்தின் கேள்வி, அடுப்பிலே ஏறும் உலைநீரின் கேள்வி. பழைய பாலங்களை இடித்துப் புதியவை கட்டும் காலத்தில் இக்கேள்வியை மறந்துவிடுகின்றோமோ என்ற ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நிலத்தின் இயல்பை முதலில் நோக்குவோம். குடாநாட்டின் அடியிலே கிடப்பது சுண்ணாம்புக்கல். அது வெடிப்பும் துளையும் நிறைந்த கல். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மாரிமழை அவ்வெடிப்புகளின் வழியே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல், தண்ணீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல, கனம் குறைந்த காரணத்தால் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சந்தருவது. மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உவர் 40 அடி மேலெழும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் இனிப்பதும் ஆழத்து நீர் கரிப்பதும் இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்று.

இந்த நுட்பமான சமநிலையைக் காக்கும் வாயில்களிலே நீரேரிகளின் முகத்துவாரங்கள் முக்கியமானவை. வடமராட்சி நீரேரி தொண்டைமானாற்றின் வழியே வடகடலிலே கலக்கின்றது. உப்பாறு நீரேரி அரியாலைக்கும் நாவற்குழிக்கும் இடையே யாழ்ப்பாணக் கடனீரேரியிலே விழுகின்றது. மாரியிலே இவை நன்னீரால் நிரம்பும். வாயில் திறந்தே கிடந்தால் அந்நீர் கடலுக்கு ஓடும். கோடையிலே கடல்நீர் அதே வாயிலால் உள்ளே ஏறும். மழைநீரை விருந்தாளிபோல் வழியனுப்பிவிட்டு உவர்நீரைக் குடியிருத்தும் இவ்வழக்கம் நெடுங்காலம் நடந்தது.

தொண்டைமானாறு என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. முதலாங் குலோத்துங்க சோழனின் தளபதியான கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பகுதி உப்பைக் கப்பலேற்றுவதற்காக இக்கால்வாயை வெட்டுவித்தான் என்பது வழிவழி வந்த செய்தி. அதன் உண்மை எவ்வாறாயினும், அதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. அரசனின் படைத்தலைவனுக்கு வேண்டியது உப்பு. உழவனுக்கு வேண்டியது உப்பற்ற நீர். இரண்டிலே எதற்காக நீர்வழி வெட்டப்பட்டது என்று மக்கள் நினைவு தெளிவாகவே சொல்கின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் பாதைக்குக் கிடைத்த மதிப்பு நீருக்குக் கிடைக்கவில்லை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இல் புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்புப் பாதை முழுமை பெற்றது. ஆனையிறவின் குறுக்கே சாலையும் தண்டவாளமும் அருகருகே சென்றன. சுருட்டும் புகையிலையும் தெற்கே போயின. எழுதுவினைஞர் உத்தியோகம் தேடிப் போயினர். கிழக்கே விரிந்துகிடந்த நீரேரியிலே, வன்னிக் காட்டிலிருந்து கனகராயன் ஆறும் பிற ஓடைகளும் கொண்டுவந்த வெள்ளம் ஆண்டுதோறும் வந்து, ஆண்டுதோறும் வீணே கடலைச் சேர்ந்தது.

இதை வீணென்று கண்டு, தடுக்க வழியுண்டென்று காட்டியவர்களில் முதன்மையானவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று மக்கள் வழங்கும் திட்டம் அவருடையது. 1950களில் உருப்பெற்ற அத்திட்டத்தைச் சுருங்கச் சொல்லலாம். ஆனையிறவு நீரேரிக்கு வந்துசேரும் வெள்ளத்தின் ஏந்துபரப்பு ஏறக்குறைய 940 சதுர கிலோமீற்றர். அந்நீரேரியை இருபுறமும் அடைத்து நன்னீர்த் தேக்கமாக்குவது. அங்கிருந்து முள்ளியானிலே ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நீளக் கால்வாய் வெட்டி வடமராட்சி நீரேரிக்கு நீரைச் செலுத்துவது. அது உப்பாற்றிலும் பரவுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு பொருத்திய தடுப்பணைகளால் உவரைத் தடுப்பது. நீரேரிகள் இனித்தால் அவற்றின் கரையோரக் கிணறுகளும் இனிக்கும் என்பதே அதன் உள்ளுறை.

இத்திட்டத்திலே பாலங்களுக்கு விதிக்கப்பட்ட பணி வியப்புக்குரியது. ஆனையிறவின் மேற்குப் புறத்திலே சாலைக்கும் தண்டவாளத்துக்கும் கீழே இருந்த பாலக் கண்கள் அடைக்கப்பட வேண்டியவையாயின. நீர் ஓடுவதற்காகக் கட்டிய பாலம், நீரைத் தேக்குவதற்காக அணையாக மாறவேண்டியதாயிற்று! அவ்வாறே அவை அடைக்கப்பட்டன. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. ஆயின், கிழக்கே சுண்டிக்குளத்து அணைக்கட்டு வெள்ளத்தால் உடைந்தது. முள்ளியான் கால்வாய் முற்றுப்பெறவில்லை. தடுப்பணைகளின் மரக்கதவுகள் பழுதுபட்டு உவரைக் கசியவிட்டன. திட்டத்தின் பெரும்பகுதி கட்டப்பட்டும், எஞ்சிய சிறுபகுதியால் முழுப்பயன் கிட்டாமற் போயிற்று. ஆறுமுகம் அவர்கள் 2000ஆம் ஆண்டில் மறைந்தபோதும் அந்த ஆறு யாழ்ப்பாணத்தை வந்தடைந்திருக்கவில்லை.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. நீரேரி நன்னீராவது உழவனுக்கு வாழ்வு. ஆனால் உவர்நீரிலே இறால் பிடித்து வாழும் மீனவனுக்கு அது வேறு கணக்கு. கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைப் பொறியியலாளர் மட்டும் முடிவு செய்வது போதாது. இரு தொழிலாளரும் ஒரே மேடையிலமர்ந்து பேசித் தீர்க்கவேண்டிய விடயம் அது. ஓர் உழைப்பாளியின் வயிற்றை நிரப்ப மற்றோர் உழைப்பாளியின் வலையை வெறுமையாக்குவது வளர்ச்சியன்று.

பின்னர் போர் வந்தது. ஆனையிறவு உப்பளமும் நீரேரியுமாக இருந்த நிலை மாறிப் போர்க்களமாயிற்று. 1991இலும் 2000இலும் அங்கே பெருஞ்சமர்கள் நிகழ்ந்தன. 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி ஓடவில்லை. பாலங்கள் சிதைந்தன, தாம்போதிகள் அரிப்புண்டன, நீர்க்கதவுகளைப் பழுதுபார்க்கப் போவோர் இல்லை. 2009இல் போர் முடிந்தபின், கட்டுமான காலம் தொடங்கியது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டு, பூநகரி தென்மராட்சியோடு இணைந்தது. 2014 ஒக்டோபரில் புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. தடுப்பணைகளும் புதுப்பிக்கப்பட்டன. பல்லாண்டுகள் துண்டுபட்டுக் கிடந்த மக்களுக்கு ஒவ்வொரு பாலமும் ஒரு விடுதலைபோலவே தோன்றியது. அதை நாம் குறைத்துக் கூறவில்லை.

ஆனால், பாலம் மாற்றும் வேலை நீருக்குச் செய்வதென்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய பாலத்தை உடைக்கும்போது கல்லும் காரையும் நீரிலே விழுகின்றன. தூண் நடுவதற்காக அடித்தளம் தோண்டும்போது ஆண்டாண்டாய்ப் படிந்துகிடந்த சேறு கலங்கி எழுகின்றது. கலங்கிய நீரிலே ஒளி புகாது, நீர்ப்பூண்டு வாழாது, மீன்குஞ்சின் செவுள் அடைபடும். கொங்கிறீற்றுக் கலவை இயந்திரத்தைக் கழுவிய நீர் தோற்றத்திலே வெறும் சாம்பல் நீர், இயல்பிலோ கடுங்காரம், அது கலந்த தேங்குநீரிலே மீன் மிதக்கும். இயந்திரங்களின் எண்ணெய் கசிகின்றது. வேலைக்காகப் போட்ட தற்காலிக மண்ணணை, வேலை முடிந்தபின்னும் அகற்றப்படாவிடின், அடுத்த மாரி வெள்ளத்தின் வழியை மறிக்கின்றது. அல்லது முழுவதுமாகக் கரைந்து நீரேரியின் அடியிலே படிகின்றது.

ஓடும் ஆற்றிலே இக்கேடு ஓடிப்போகும் என்று தம்மைத் தேற்றிக்கொள்வாருண்டு. நமது நீர் ஓடுவதன்று, தங்குவது. தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியிலே கடல்சேரும் வழுக்கியாறுகூட மாரியிலே மட்டும் ஓடி, மற்றை நாளிலே குளமும் குட்டையுமாய்த் தங்குவது. அதன் குறுக்கே எத்தனையோ மதகுகள்! தங்கும் நீரிலே விழுந்த அழுக்கு, கல்வெடிப்பின் வழியே கிணற்றைத் தேடிச் செல்லும்.

இது வெறும் அச்சமன்று. சுன்னாகத்திலே கண்டோம். அங்கிருந்த மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிலே கலந்த வழக்கிலே, 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கிணறு கெட்ட மக்களுக்காக அந்நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டுமெனப் பணித்தது. மண்ணின் மேலே சிந்தியது அடுத்த வீட்டுக் கிணற்றிலே தோன்றும் என்பதை அவ்வழக்கு நாடறியச் செய்தது. மின் நிலையத்துக்குப் பொருந்திய நீதி பாலத்துக்குப் பொருந்தாதா?

சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம் உண்டு; 1988இல் அது திருத்தப்பட்டு, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. 1993இல் வெளியான திட்டப் பட்டியலிலே, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை அமைப்பு இடம்பெற்றது. பெரிய சாலைக்கு அளவுகோல் உண்டு. ஆனால் நாலைந்து கண்களுடைய ஒரு பழம் பாலத்தை உடைத்துப் புதியது கட்டுவதை ‘திருத்தவேலை’ என்று பெயரிட்டுவிட்டால் யார் வந்து நீரைச் சோதிப்பர்? சிறியதென்று விடப்படும் வேலைகள் பல சேர்ந்தே ஒரு நீரேரியைப் பெரிதாகக் கெடுக்கின்றன.

நீர் கெட்டால் எல்லாருக்கும் ஒருசேரக் கெடுவதில்லை என்பதையும் வரலாறு நமக்குக் கற்பித்திருக்கின்றது. நல்ல கிணறுகள் செம்மண் மேட்டிலே இருந்தன. நிலமற்றோர் உவர்த்தரவையின் ஓரங்களிலே குடியிருத்தப்பட்டனர். சாதியின் பெயரால் ஊர்க் கிணற்றிலே அள்ள மறுக்கப்பட்டு, குடத்தோடு வரம்பிலே காத்து நின்ற பெண்களின் துயரம் இந்த மண்ணிலே நடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம், தீண்டாமைக்கு எதிரான போராட்டத்திலே மறக்கவொண்ணாத நாள். கிணற்றடிக்குப் போகும் உரிமையை மக்கள் போராடிப் பெற்றனர். பெற்ற கிணறு உவராகவும் எண்ணெயாகவும் மாறிப்போனால், அவ்வுரிமையின் பொருள் என்ன? நீரேரியின் ஓரத்திலே வாழ்பவனின் கிணறே முதலிலே கரிக்கும். வசதியுள்ளவன் போத்தல் நீர் வாங்குவான்; மற்றவன் கரித்த நீரையே குடிப்பான்.

வேண்டப்படுபவை ஆகாயத்துத் தாரகைகள் அல்ல. நீரிலே இறங்கும் வேலையை மாசி முதல் புரட்டாசி வரையான வறள் மாதங்களுக்குள் முடித்தல். தூண் நடும் இடத்தைச் சுற்றி அடைத்து, கலங்கல் பரவாமல் திரையிடல். இடிபாட்டை நீரிலே விழவிடாது தாங்கி அகற்றல். கலவை கழுவிய நீரைக் குழியிலே தேக்கிக் கரைக்கு அப்பால் கொண்டுபோதல். எண்ணெய்க் கலன்களை நீரிலிருந்து தள்ளி வைத்தல். வேலைக்கு முன்னும் வேலை நடக்கும்போதும் முடிந்த பின்னும் நீரையும் அண்டைக் கிணறுகளையும் சோதித்து, அக்கணக்கைக் கிராமத்தவர் காணத் தமிழிலே பலகையில் எழுதி வைத்தல். இவை எவையும் பொறியியலுக்குப் புதியனவல்ல. ஒப்பந்தத்திலே தனி விலையோடு எழுதப்பட்டால் செய்யப்படும். எழுதப்படாவிட்டால் ஒப்பந்தக்காரரின் தருமசிந்தனையை நம்பியிருக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய பாலத்தின் கண்ணளவை மாற்றுமுன், அது ஏன் அவ்வளவாக வைக்கப்பட்டது என்று கேட்கவேண்டும். ஆனையிறவிலே கண்ணை அடைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்டைமானாற்றிலே கதவு வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காரணங்களை அறியாத கை அவற்றைத் திறந்தாலும் கேடு, அடைத்தாலும் கேடு. கமக்காரர் சங்கத்தையும் மீனவர் சங்கத்தையும் அழைத்து, வரைபடத்தை விரித்து, ‘இவ்விடத்திலே நீர் எப்படி நடக்கும்?’ என்று கேட்டால், எந்த மாரியிலே எந்தத் தரவை மூழ்கியது, எந்தக் கோடையிலே எந்தக் கிணறு கரித்தது என்று தம் அனுபவத்திலிருந்து அவர்கள் சொல்லுவர்.

பாலம் ஒரு நாளிலே திறந்துவைக்கப்படுகின்றது, நாடா வெட்டப்படுகின்றது, கல்லிலே பெயர் பொறிக்கப்படுகின்றது. அதன் கீழுள்ள நீருக்குத் திறப்புவிழா இல்லை. அது நல்லதாயிற்றா கெட்டதாயிற்றா என்பதை, அடுத்த கோடையிலே உரும்பிராய்த் தோட்டத்து வெங்காயப் பாத்தியும், கரவெட்டியிலே கிணற்றடியில் வாளியைத் தூக்கிச் சுவைத்துப் பார்க்கும் தாயுமே சொல்லவேண்டும். அத்தாயின் தீர்ப்புக்கு அஞ்சிக் கட்டப்படும் பாலமே மக்களின் பாலம்.