ரோகிணிச் சகட்டின் வடமுனை

தைப் பொங்கலை ஒட்டிய இரவுகளில், மணி ஒன்பது ஒன்பதரை ஆகும் வேளையில், மும்பையில் வாழும் தமிழர் ஒருவர் தம் வீட்டு மொட்டை மாடியில் நின்று நேர் மேலே அண்ணாந்து நோக்குவாராயின், வானத்தின் உச்சியில் ஒரு சிறு விண்மீன் கூட்டத்தைக் காண்பார். ஐந்து மீன்கள், ஓர் ஆப்பு வடிவில், கூரிய முனை மேற்கு நோக்கி அமைந்திருக்கும். அக்கூட்டம் உச்சம் ஏறும் அதே வேளையில் சென்னையில் இருப்போர் அதனைச் சற்றே வடக்கு முகமாகவும், டெல்லியில் இருப்போர் சற்றே தெற்கு முகமாகவும் நின்று காண வேண்டும். திசை மாறினாலும் பெயர் மாறுவதில்லை. ரோகிணி என்றால் வங்காளியும் மராட்டியரும் இந்தி பேசுவோரும் நம்மோடு சேர்ந்து அதே மீன்களையே சுட்டுவர். ஊர் விட்டு ஊர் வந்தோர்க்கு இது ஒரு சிறு ஆறுதல்.

அக்கூட்டத்தில் செந்நிறமாய் ஒளிரும் பெரிய மீனை எல்லோரும் அறிவர். மேனாட்டார் அதனை ஆல்டிபரான் என்பர். அதற்கு எதிர்க்கோடியில், வடமுனையில், மங்கலாக ஒரு மீன் உண்டு. அதனை ஏறெடுத்துப் பார்ப்போர் சிலரே. 1603ஆம் ஆண்டில் விண்மீன் படத்தொகுதி ஒன்றை வெளியிட்ட ஜெர்மானியர் ஜோஹன் பேயர் அதற்கு ரிஷப ராசியின் ஐந்தாம் எழுத்தாகிய எப்ஸிலான் என்னும் கிரேக்க எழுத்தை அடையாளமாக இட்டார். அராபியர் வழிவந்த அதன் பெயர் 'அய்ன்', பொருள், கண். எருதின் முகமாக அக்கூட்டத்தைக் கற்பனை செய்தவர்களுக்கு அது ஒரு கண்ணாயிற்று. நம் நாட்டாருக்கோ அக்கூட்டம் முழுவதும் ஒரு வண்டி. சகடம் என்றும் சகடு என்றும் அதனை வழங்கினர்.

இச்சகட்டை முன்னோர் இருவகையாக நோக்கினர். அகநானூற்றில் ஒரு திருமணக் காட்சியும், சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் மணக் காட்சியும் திங்கள் சகட்டோடு கூடிய நாளை நன்னாளாகக் கொள்கின்றன. இளங்கோவடிகளின் மணப்பந்தலில் அவ்வானக் கூட்டம் மங்கலச் சின்னம். வடமொழி வானநூலாரோ அதனருகே ஓர் அச்சத்தையும் வைத்தனர். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், சனியோ செவ்வாயோ வால்மீனோ ரோகிணியின் சகட்டைப் பிளந்து செல்லுமாயின் உலகுக்குப் பெருங்கேடு நேரும் என்று தம் பிருஹத் சம்ஹிதையில் எழுதி வைத்தார். சூரிய சித்தாந்தமோ அச்சத்தோடு நில்லாது கணக்கையும் தந்தது. ரிஷபத்தின் பதினேழாம் பாகையில், சூரியன் செல்லும் பாதைக்குத் தெற்கே இரண்டு பாகைக்கு மேல் விலகிச் செல்லும் கிரகமே சகட்டைப் பிளக்கும் என்று அது வரையறுத்தது.

அந்த இரண்டு பாகை எங்கிருந்து வந்தது? இன்றைய அளவையின்படி சூரியன் பாதையிலிருந்து நம் மங்கல் மீன் தெற்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகை விலகி நிற்கிறது. சகட்டின் வட எல்லை அதுவே. ஆகவே அந்நாளைய கணிதர் எல்லைக் கல்லாகக் கொண்டது, ஒளி மிக்க ரோகிணியை அன்று. எவரும் பாராட்டாத இந்த மூலை மீனையே என்று கொள்ளுதல் பொருந்தும். தொலைநோக்கி ஏதுமின்றி வெறுங்கண்ணால் நோக்கியவர்கள் இத்துணை நுட்பமாக அளந்தனர் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. அச்சம் மறைந்தது, அளவு நின்றது. 2015 முதல் 2018 வரையிலான ஆண்டுகளில் சந்திரன் திங்கள்தோறும் இச்சகட்டை ஊடறுத்துச் சென்றது. வானநூலார் தொலைநோக்கிகளைத் திருப்பி வைத்து அதனைக் கண்டு மகிழ்ந்தனர்.

இனி, அம்மீன் உண்மையில் எத்தகையது என்பதைக் காண்போம். முதற் கேள்வி ஒளியைப் பற்றியது. மீன்களை ஒளியின் முறைப்படி வகுக்கும் பழைய வழக்கத்துக்குத் திட்டமான கணக்கை 1856ஆம் ஆண்டில் வகுத்தவர் நார்மன் போக்ஸன் என்னும் ஆங்கிலேயர். ஐந்து படிகள் இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகும் என்பது அவர் விதி. அவரே 1861 முதல் 1891இல் இறக்கும் வரை சென்னை வானாய்வுக் கூடத்தை நடத்தி வந்தவர். அவருக்குத் துணையாய் நின்ற சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்து புகழ் பெற்றார். போக்ஸனின் அளவுகோலில் நம் மீன் மூன்றரைப் படியில் நிற்கிறது. ரோகிணியின் ஒளியில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கே இதற்குண்டு. பெருநகரத்தின் தெருவிளக்குகளுக்கு நடுவே இது கண்ணுக்குப் புலப்படாமற் போவதும் உண்டு.

ஆனால் மங்கலாய்த் தெரிவதெல்லாம் சிறிதாய் இருத்தல் வேண்டுமா? அருகில் உள்ள அகல் விளக்கும் தொலைவில் உள்ள கலங்கரை விளக்கும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றலாம். தொலைவை அறியாமல் தன்மையை அறிய இயலாது. இத்தொலைவை அறிய உதவியது அம்மீனின் சுற்றமே. 1908இல் அமெரிக்கரான லூயிஸ் பாஸ், ரிஷப ராசியில் உள்ள மீன்கள் பல ஒரே புள்ளியை நோக்கி ஒருங்கே நகர்வதாய்த் தோன்றுவதைக் கண்டார். நீண்டு செல்லும் ரயில் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று கூடுவதாய்த் தோன்றுவது போன்றது அது. அவ்வியக்கத்தைக் கொண்டு அக்கூட்டத்தின் தொலைவை அவர் கணக்கிட்டார். ஹையடிஸ் என்று மேனாட்டார் அழைக்கும் அக்கூட்டத்தின் நடுவிடம் நமக்கு ஏறத்தாழ 150 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதை, 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் பின்னர் உறுதி செய்தது. ஆகவே இன்றிரவு நாம் காணும் அம்மீனின் ஒளி, போக்ஸன் சென்னையில் தொலைநோக்கியின் முன் அமர்ந்திருந்த காலத்தில் புறப்பட்டது.

இதில் ஒரு வியப்பும் வெளிப்பட்டது. சகட்டுக்கே பெயர் தந்த ரோகிணி அக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அது பாதித் தொலைவுக்கும் குறைவாக, நமக்கு அணித்தே நிற்கிறது. அதன் பேரொளிக்கு அருகாமையும் ஒரு காரணம். மங்கல் மீனோ கூட்டத்தின் மெய்யான உறுப்பு.

அடுத்த கேள்வி வெப்பத்தைப் பற்றியது. விண்மீனின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கினால் அதிற் காணும் கரிய கோடுகள் எதனைச் சொல்கின்றன என்பதை விளக்கியவர் நம் நாட்டு மேகநாத் சாஹா. 1920இல் அவர் வெளியிட்ட சமன்பாடு, அணுக்கள் எந்த வெப்பத்தில் எந்த அளவுக்கு மின்னணுக்களை இழக்கும் என்பதைக் காட்டி, அக்கோடுகளை வெப்பமானியாக மாற்றிற்று. அவ்வழியே வளர்ந்த முறைகளின்படி நம் மீனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 4,900 கெல்வின். சூரியனுக்கோ 5,770. ஆகவே இது சூரியனினும் குளிர்ந்தது. நிறமும் மஞ்சளும் செம்மையும் கலந்தது.

குளிர்ந்த பொருள் சதுர அடிக்குக் குறைந்த ஒளியையே வீசும். ஆயினும் இம்மீன் மொத்தத்தில் சூரியனைப் போல் 80 முதல் 100 மடங்கு வரை ஒளி வீசுகிறது. அப்படியாயின் அதன் மேற்பரப்பு மிகப் பரந்ததாய் இருத்தல் வேண்டும். இத்தகையவற்றையே வானநூலார் ராட்சத விண்மீன்கள் என்பர். மங்கலாய்க் கண் சிமிட்டும் ஒன்றை ராட்சதன் என்று மொழிபெயர்க்கும்போது நம் பேனா ஒரு கணம் தயங்கவே செய்கிறது, கணக்கோ தயங்குவதில்லை.

ராட்சதனையும் குள்ளனையும் ஒளியிலிருந்தே இனம் காணும் வழி ஒன்றைத் தந்த இருவரில் ஒருவர் இந்தியர். 1927இல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த வேணு பாப்பு, அமெரிக்காவில் ஓலின் வில்சனோடு சேர்ந்து 1957இல் அதனை வெளியிட்டார். குளிர்ந்த மீன்களின் நிறமாலையில், ஊதாப் பகுதியில், கால்சியத்தின் அகன்ற கரிய கோடு ஒன்று உண்டு. அதன் நடுவே ஒரு மெல்லிய ஒளிக்கோடு தோன்றும். மீனின் உண்மை ஒளி மிகுமளவுக்கு அக்கோட்டின் அகலமும் மிகும் என்று அவர்கள் கண்டனர். வில்சன்-பாப்பு விளைவு என்று உலகம் அதனை வழங்குகிறது. அந்த அளவுகோலைத் தரப்படுத்துவதற்குச் சூரியனோடு சேர்த்துப் பயன்பட்டவை ஹையடிஸ் கூட்டத்து ராட்சத மீன்கள். நம் மீன் அவற்றுள் ஒன்று. தாயகம் திரும்பிய பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக் கூடத்தை உருவாக்கினார். 1982இல் அவர் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அவர் பெயரையே தாங்கிப் பணி தொடங்கிற்று.

பின்னர் வந்தோர் உருவத்தையே நேராக அளந்தனர். கலிபோர்னியாவில் மௌண்ட் வில்சன் மலையில் தனித்தனியே நிற்கும் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்று சேர்த்து அளந்தபோது, வானில் இம்மீனின் வட்டம் எத்துணைச் சிறிதாய்த் தோன்றுகிறது என்பது தெரிந்தது. சென்னையில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தை டெல்லியிலிருந்து நோக்கினால் எவ்வளவு தோன்றுமோ ஏறத்தாழ அவ்வளவு! தொலைவோடு சேர்த்துக் கணக்கிட, அதன் குறுக்களவு சூரியனைப் போல் பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு என்றாயிற்று.

கன அளவில் நம் சூரியனைப் போல் ஏறத்தாழ இரண்டாயிரம் கோளங்களை இம்மீனுக்குள் அடக்கலாம். எடையோ சூரியனைப் போல் இரண்டரை மடங்கு அளவே. பொருள் அத்துணை மெல்லியதாய்ப் பரந்து கிடக்கிறது. சராசரி அடர்த்தி, நாம் மூச்சில் இழுக்கும் காற்றின் அடர்த்தியைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான்! நடுவே அடர்ந்த கருவும், சுற்றிலும் காற்றினும் மெல்லிய போர்வையுமாய் அது விளங்குகிறது. அக்கோளம் மணியைப் போல் அதிர்ந்து கொண்டும் இருக்கிறது. ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அவ்வதிர்வுகளை ஆராய்ந்து 2019இல் அதன் எடையை மீண்டும் நிறுத்தறிந்தனர்.

இக்கூட்டத்தின் வயது 60 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டது. இம்மீன் பிறந்தபோது பூமியில் உயிர்கள் கடலை விட்டு நிலம் ஏறியிருக்கவில்லை. சூரியனோ 460 கோடி ஆண்டுகள் வாழ்ந்தும் இன்னும் நடுவயதில் இருக்கிறது. எடை மிக்க மீன் தன் எரிபொருளைக் கைதாராளமாய்ச் செலவிடும். ஆகவே விரைவில் மூப்படையும். வெண்ணிறமாய் ஒளிர்ந்த இம்மீன் நடுக்கருவின் ஹைட்ரஜனைச் செலவிட்டு, விரிந்து, குளிர்ந்து, இப்போது ஹீலியத்தை எரித்து வருகிறது. இறுதியில் போர்வையை உதறிவிட்டுச் சிறு வெண் குள்ளனாய்ச் சுருங்கும். நம் சூரியனும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் ராட்சதனாகும். அவ்வகையில் இம்மீன் நமக்கு ஒரு முன்னறிவிப்பு.

2007இல் ஜப்பானிய வானநூலார் தம் ஒகயாமா ஆய்வுக் கூடத்திலிருந்து இம்மீனைச் சுற்றிவரும் கோள் ஒன்றைக் கண்டனர். வியாழனைப் போல் ஏழு மடங்குக்கு மேற்பட்ட எடை உடையது. 595 நாட்களில் ஒரு சுற்று வருவது. இத்தகைய விண்மீன் கூட்டம் ஒன்றில் முதன்முதல் அறியப்பட்ட கோள் அதுவே. 2015இல் அதற்கு அமதேரு என்று பெயர் சூட்டினர்.

வராகமிகிரர் கேட்ட கேள்வி, இச்சகட்டினால் நமக்கு என்ன நேரும் என்பது. பின்வந்தோர் கேட்டது, அம்மீனுக்கு என்ன நேர்ந்தது, என்ன நேரும் என்பது. கேள்வி இவ்வாறு திரும்பியபோதே அச்சம் அறிவாயிற்று. அவ்வறிவைத் தேடியதில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் காவலூருக்கும் பங்குண்டு என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். பொங்கலன்று இரவு, வீட்டு விளக்கைச் சற்றே அணைத்துவிட்டு, குழந்தைகளோடு மாடிக்குச் செல்க. முதலில் சிவந்த ரோகிணியைக் காட்டுக. பிறகு, கண் இருளுக்குப் பழகியபின், சகட்டின் வடமுனையைத் தேடுக.