பெட்ரோலியச் சுத்திகரிப்பு

கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்து, உடைத்து, உருமாற்றி எரிபொருளாகவும் வேதிப்பொருளாகவும் ஆக்கும் தொழில். இதன் வரலாற்றில் பாதி கழிவின் வரலாறு: ஒரு தலைமுறை ஆற்றில் கொட்டியதை அடுத்த தலைமுறை காசு கொடுத்து வாங்கியது.

தொழில் பிறந்தது விளக்குக்காக. போலந்து மருந்தாளுநர் இக்னாசி வூகாசியேவிச் வடித்த மண்ணெண்ணெயின் வெளிச்சத்தில், 1853 ஜூலை 31 அன்று லிவிவ் நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக்கின் துளைக்கிணறு எண்ணெய் கண்டதும் ஆலைகள் பெருகின. அன்றைய ஆலை, சாராயம் காய்ச்சும் பானையைப் பெரிதாக்கியதுதான்: இரும்புக் கொப்பரை, அடியில் நெருப்பு, ஆவியைக் குளிர்விக்கக் குழாய். முதலில் இறங்கும் பெட்ரோலை விளக்கில் ஊற்றினால் வெடிக்கும். அதனால் ஆற்றில் விட்டார்கள். அடுத்து இறங்கிய மண்ணெண்ணெயே சரக்கு. தமிழ்நாட்டில் அது சீமையெண்ணெய். கெரசின் ஆயில் என்பது வாய்க்கு வாய் தேய்ந்து கிருஷ்ணாயிலும் ஆனது. அசாமின் டிக்பாயில் 1901இல் தொடங்கிய ஆலை இன்றும் ஓடுகிறது.

மோட்டார் வண்டி வந்ததும் கணக்கு தலைகீழானது. கச்சாவில் இயல்பாக இருந்த பெட்ரோல் போதவில்லை. கனத்த எண்ணெயை அழுத்தத்தில் வைத்துச் சுட்டு மூலக்கூறுகளை உடைக்கும் முறைக்கு வில்லியம் பர்ட்டன் 1913இல் காப்புரிமை பெற்றார். பீப்பாய்க்குக் கிடைத்த பெட்ரோல் ஏறக்குறைய இரட்டித்தது. பிரெஞ்சுக்காரர் யூஜின் ஹூட்ரி களிமண் வகை வினையூக்கியைப் பயன்படுத்தினார். அதன்மேல் சில நிமிடங்களிலேயே கரி படிந்துவிடும். கரியை எரித்துவிட்டால் பழைய வீரியம் திரும்பும். 1937இல் அமெரிக்காவின் மார்கஸ் ஹுக்கில் இம்முறை முழு அளவில் ஓடியது. ஆனால் எரிப்பதற்காக ஒவ்வொரு கலனையும் அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது.

1942 மே மாதம் அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் அந்தத் தொல்லை தீர்ந்தது. வினையூக்கியைத் தலைமுடிப் பருமனுள்ள பொடியாக்கினார்கள். ஆவி ஊடே புகுந்தால் அந்தப் பொடி தண்ணீராய்ப் பாயும். ஒரு கலனில் எண்ணெயை உடைத்துக் கறுத்துப்போகும். அடுத்த கலனில் சுமார் 700 பாகை செல்சியஸில் கரி எரிந்து வெளுக்கும். எரிந்த சூட்டைச் சுமந்துகொண்டு மறுபடி எண்ணெயிடம் வரும். அழுக்கே அடுப்புக்கு விறகு. இத்தொழிலில் இதைவிட நேர்த்தியான யோசனை வந்ததாகத் தெரியவில்லை.

1949இல் விளாடிமிர் ஹேன்சலின் பிளாட்டினம் வினையூக்கி, கச்சாவிலிருந்து வடியும் இலேசான பகுதியான நாப்தாவை உயர்ரகப் பெட்ரோலாக்கியது. பென்சீன், டொலுவீன் போன்றவையும் கிடைத்தன. உபரியாக வந்தது ஹைட்ரஜன். டீசலிலுள்ள கந்தகத்தைப் பிரிக்க அது கைகொடுத்தது.

சென்னை மணலி ஆலை, அமெரிக்க, ஈரானிய நிறுவனங்களின் கூட்டோடு 1969இல் இயங்கத் தொடங்கியது. இலங்கையின் சபுகஸ்கந்தை ஆலைக்கும் அதே ஆண்டுதான். மணலியின் நாப்தா பக்கத்து உர ஆலையில் ஹைட்ரஜனாகி, அம்மோனியாவாகி, யூரியா மூட்டையாக வயலுக்குப் போனது. மண்ணெண்ணெயின் ஒரு பகுதி சலவைத்தூளுக்கான மூலப்பொருளானது.

2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது, அதற்குமுன் 50. உபரி ஹைட்ரஜன் இதற்குப் போதாது. இயற்கை எரிவாயுவையோ நாப்தாவையோ நீராவியோடு சேர்த்துச் சூடாக்கித் தனியே தயாரிக்கிறார்கள். எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதியை வாங்க இன்னும் ஆள் வரவில்லை.