சாந்தும் விரையும்

மலைபடு பொருள்களுட் பழந்தமிழர் பெரிதும் விரும்பிக் கொண்டவை ஆரமும் அகிலும் மிளகுமாம். வல்வில் ஓரிக்குரிய கொல்லிமலை இத்தகைய பொருள்களுக்கு உறைவிடம். அடிவாரத்து முள்ளுக்குறிச்சி முதலிய ஊர்களினின்று மேலேறுவார்க்கு மிளகுக் கொடி படர்ந்த தோட்டங்கள் இன்றும் காட்சி தரும். காட்டிடைச் சந்தன மரமும் உண்டு. அறப்பள்ளி ஈசன் கோயில்கொண்டருளியதும் இம்மலையிலேயாம். மரத்தின் மணமும் விரைப்பொருளின் மணமும் மக்கள் மெய்யில் ஒன்றுகூடுங்கால் எம்முறையில் விரிகின்றன என்பதும், அம்முறையினை முன்னோர் எங்ஙனம் போற்றினர் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

சந்தனத்தோடு ஏலமும் இலவங்கமும் கூட்டி மெய்யிற் பூசிய அளவில் முதற்கண் எழுவது ஏலத்தின் மணமேயாம். உடலின் வெம்மை பட்டவுடன் அது விரைந்து ஆவியாகிப் பரந்து, சிறிது பொழுதில் மறையும். அதனையடுத்து இலவங்கத்தின் காரமணம் மேலிட்டுத் தோன்றும். அதுவும் தணிந்த பின்னரே சந்தனத்தின் மென்மணம் தனித்து வெளிப்பட்டு, நெடும்பொழுது நிலைபெறும். இதன் காரணத்தை இக்கால இரசாயன நூலார் தெளியக் காட்டுவர். ஏலத்தின் மணப்பொருள்களுட் சிறந்ததாகிய சினியோல் ஏறக்குறைய 176 பாகை வெப்பத்திலும், இலவங்கத்தின் யூஜினால் 254 பாகை அளவிலும், சந்தனத்தின் சாந்தலால் 300 பாகையை அணுகிய நிலையிலும் கொதிப்பன. கொதிநிலை உயர உயர ஆவியாகும் விரைவு குறையும் ஆதலின், சந்தனம் தான் பிந்தி எழுவதோடமையாது, தன்னொடு கலந்த பிறவும் கடிதிற் போகாதவாறு தடுத்து நிற்கும். ஏலம் முதலியன வாயிலில் நின்று எதிர்கொள்வாரைப் போல்வன. சந்தனமோ இல்லத்துள் இருக்கும் தலைவனைப் போல்வது.

இவ்வியல்பினைத் தமிழர் அனுபவத்தால் நன்கறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து மாதவி பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் ஆடினாள் என இளங்கோவடிகள் கூறுவர். ஐந்து விரையாவன கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்ப. விரைந்தெழுவனவும் நெடிது நிற்பனவுமாகிய பல பொருள்களை ஒருங்கு கூட்டிய திறம் இதனாற் புலனாம். நெடுநல்வாடையோ கூதிர்க்காலத்தில் வடநாட்டு வட்டக்கல்லும் தென்னாட்டுச் சந்தனமும் பயன்படாது ஒருபுறம் கிடந்தமையைச் சுட்டுகின்றது. சாந்து மணத்திற்கேயன்றித் தண்மைக்கும் உரியது என்பது இதனாற் பெறப்படும். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள், திருமஞ்சன நீரிற் கலத்தற்கு ஏலமும் செண்பக மொட்டும் இலாமிச்சையும் வாங்கப் பொருள் வைத்தமையைக் கூறுகின்றன. விரைந்து பரக்கும் விரைகள் நீருக்கும், நின்று மணக்கும் சந்தனம் திருமேனிப் பூச்சுக்கும் உரியவாயின.

அங்ஙனம் நிலைத்த மணத்தை இறைவற்கு ஆக்குவதே வாழ்வாகக் கொண்டவர் மதுரை வணிகர் குலத்து மூர்த்தி நாயனார். மதுரையைக் கவர்ந்த கருநாடர் மன்னன் சந்தனம் கிடையாதவாறு தடுப்ப, அவர் தம் முழங்கையையே கல்லில் தேய்த்தனர் என்று பெரியபுராணம் கூறும். ஏனைய விரை இல்லாதொழியின் வேறொன்றால் நிரப்பலாம். சந்தனம் ஒழியின் அவ்விடத்தை நிரப்பத் தம் உடலினும் குறைந்த ஒன்று அவர்க்குப் புலப்படவில்லை.

அம்மரமோ எளிதிற் பெறற்பாலதன்று. தன் வேரைப் பிற செடிகளின் வேரிற் பற்றி உணவு கொண்டு வளர்வது, வெளிமரம் மணமற்றது, பல்லாண்டு கடந்து முதிர்ந்த வயிரமே மணமுடையது. 1792-இல் திப்பு சுல்தான் மைசூர் நாட்டில் இதனை அரசர்க்குரிய மரமாக்கினான் என்ப. அதன் பின்னும் நெடுங்காலம் அரசினர் உரிமையே நிலவிற்று. தமிழ்நாட்டில் 2002-இல் தான் வளர்த்தோர்க்கு உரிமை வழங்கச் சட்டம் திருத்தப்பெற்றது. களவாக வெட்டுவோரால் மலைக்காடுகள் வறிதாயின. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இதனை அழியும் நிலையை நோக்கிய மரங்களுள் ஒன்றாக வைத்தெண்ணினர்.

இன்று செயற்கை மணம் ஊட்டிய தூள்களும் சந்தனம் என்னும் பெயரால் விலைபோகின்றன. முதல் மணத்தால் அவற்றை மெய்யென மயங்குதல் கூடும். பூசிய பின் ஒரு யாமம் கழியினும் நிற்பது எது என்று நோக்குவார்க்கே உண்மை புலனாம். ஆதலின் கோயிற் பணியாளரும் மலைவாழ்நரும் சந்தனக் கன்றினை நட்டு, அது வயிரம் பாயுங்காறும் காத்தல் இன்றியமையாத திருப்பணியாம். நடுவார் ஒருவர், அரைப்பார் பிறிதொருவராயினும், அம்மணம் இருவர் தொண்டினையும் ஒருங்கு ஏந்திச் செல்லும்.